ஈறு கெடும் முன்



பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவர்கள் எதை மறந்தாலும் ஒரு பெயரை மறந்திருக்க மாட்டார்கள்: ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். 'செல்லாத காசு' என்பதில் கடைசி எழுத்து கெட்டு 'செல்லாக் காசு' ஆவது. எங்கள் தமிழையா இதை நடத்திய அன்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "ஐயா, ஈறு கெட்டா பல்லுதானே விழும்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. ஐயாவும் சிரித்துவிட்டு, "ஒருநாள் உனக்கே புரியும், உட்காருடா" என்றார். கேட்டவன் அவன். நாற்பது வருடம் கழித்துப் புரிந்தது எனக்கு.

போன வருடம் ஆடி மாதம். மேல் ஈறில், கோரைப்பல்லுக்குச் சற்று மேலே, கடுகளவில் ஒரு மேடு. வலி கிடையாது. பல் தேய்க்கும்போது தெரியாது, சாப்பிடும்போது தெரியாது. நாக்குக்கு மட்டும் தெரியும். மெய்ப்புத் திருத்த உட்கார்ந்தால் நாக்கு தானாகப் போய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரும். சில நாள் கடுகு மிளகாகும். நுனியில் வெள்ளையாகத் தெரியும். பிறகு ஒரு காலை, வாயில் லேசான உப்புக் கரிப்போடு விழிப்பேன். மேடு அமுங்கியிருக்கும். பத்து நாளில் மறுபடி கடுகு.

தெருமுனை மருந்துக்கடையில் சொன்னேன். ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். அமுங்கிற்று. மாத்திரை தீர்ந்து மூன்றாவது வாரம் திரும்பி வந்தது. வீட்டில் கேட்டார்கள்: "வலிக்குதா?" இல்லை என்றேன். "அப்ப விடுங்க." ஊரிலிருந்து வந்த அண்ணனும் அதையேதான் கேட்டார், அதையேதான் சொன்னார். விட்டுவிட்டேன். ஏழு மாதம். அச்சுக்குப் போகிற பக்கத்தில் ஓர் ஒற்றுப்பிழையை ஏழு நிமிடம் விட்டுவைக்காதவன், சொந்த வாயில் ஏழு மாதம் விட்டுவைத்தேன்.

எங்கள் இதழின் ஆண்டு மலருக்கு என் படம் வேண்டும் என்று எங்கள் வடிவமைப்புத் தம்பி சிரிக்கச் சொல்லி ஒன்று எடுத்தான். கணினியில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "சார், பல்லுக்கு மேல ஏதோ வெள்ளையா இருக்கு, அழிச்சிடவா?" என்றான். அழித்தும் விட்டான். மலரில் நீங்கள் பார்த்தது அந்தப் படத்தைத்தான். படத்தில் அழிக்க அரை நிமிடம் ஆனது. வாயில் இருப்பதை யார் அழிப்பது என்று அன்று மாலைதான் பல் மருத்துவரிடம் போனேன்.

இளம்பெண். என் மகள் வயது இருக்கும். "எத்தனை நாளா இருக்கு சார்?" என்றார். ஏழு மாதம் என்றேன். "ஏன் வரலை?" என்றார். "வலிக்கலைம்மா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு பஞ்சுருண்டையில் எதையோ பீய்ச்சினார். ஐஸ் போல் உறைந்த அந்தப் பஞ்சை ஒவ்வொரு பல்லாக வைத்துக்கொண்டே வந்தார். "கூசினா கையைத் தூக்குங்க." தூக்கினேன். அடுத்த பல்லுக்கும் தூக்கினேன். அதற்கடுத்த பல்லில் வைத்தபோது என் கை மடியிலேயே கிடந்தது. மேடு இருந்ததோ கோரைப்பல்லுக்கு மேலே. கூசாமல் இருந்தது அதற்குப் பக்கத்துப் பல்.

"இந்தப் பல்லு செத்துப்போச்சு சார். செத்தது எப்படி வலிக்கும்?"

எப்போது செத்தது என்று யோசித்தேன். குரங்குப் பெடல் போட்டு சைக்கிள் பழகிய வயதில், வாய்க்கால் பாலத்தில் முகம் குப்புற விழுந்தது நினைவுக்கு வந்தது. அன்று உதடு கிழிந்தது. பல் ஆடவில்லை, உடையவில்லை. ஆனால் பல்லுக்குள் நாம் 'நரம்பு' என்று சொல்கிறோமே, அது நரம்பும் ரத்தக் குழாயும் சேர்ந்த மெல்லிய சதை. பலமாக அடிபட்டால் வேரின் நுனியில் அந்த ரத்த ஓட்டம் அறுந்துபோகும். பல் நின்றபடியே சாகும். சில பேருக்கு மாதங்களில் தெரியும், சில பேருக்குப் பல வருடம் கழித்துத் தெரியும். பல் கொஞ்சம் பழுப்பாக மாறுவது ஓர் அடையாளம். என் பல்லும் மாறித்தான் இருந்தது. காபி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

செத்த சதையில் கிருமி குடியேறும். வேர் நுனியில் சீழ் சேரும். அது தாடை எலும்பில் மெல்லிய பக்கமாகப் பார்த்துத் துளைத்து, ஈறு வழியாக வெளியே வர ஒரு வாசல் வைத்துக்கொள்ளும். நான் ஏழு மாதம் நாக்கால் தடவிக்கொண்டிருந்தது அந்த வாசலைத்தான். வலிக்காததற்கும் அதுவே காரணம். ஏரியில் தண்ணீர் ஏற ஏறத்தான் கரைக்கு அழுத்தம். மதகு திறந்திருந்தால் ஏது அழுத்தம்? சீழ் வடிய வழி இருக்கிறவரை வலி வராது. வழி அடைபட்ட அன்று முகம் வீங்கி, காய்ச்சல் வந்து, நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டி வரும்.

மாத்திரைக்கு ஏன் அடங்கவில்லை என்றும் கேட்டேன். மாத்திரை போவது ரத்தத்தின் வழியே. செத்த பல்லுக்குள் ரத்தமே போகாதபோது மருந்து எப்படிப் போகும்? சுற்றியுள்ள சீழ் கொஞ்சம் அடங்கும், அவ்வளவுதான். உள்ளே இருக்கிற ஊற்று அப்படியே இருக்கும்.

பிறகு அவர் செய்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அந்த மேட்டின் துளைக்குள் ரப்பர் போன்ற ஒரு மெல்லிய குச்சியை நுழைத்தார். வலியில்லாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. அப்படியே எக்ஸ்ரே எடுத்தார். படத்தில் அந்தக் குச்சி வளைந்து போய், பக்கத்துப் பல்லின் வேர் நுனியில் நின்றது. குற்றவாளி வீட்டு வாசலில் போய் நின்ற மோப்ப நாய் போல. அந்தக் குச்சிக்குக் கட்டாபெர்ச்சா என்று பெயர். மலாய் நாட்டுக் காடுகளில் வளர்ந்த ஒரு மரத்தின் பாலிலிருந்து வந்தது. பெயரும் மலாய் மொழிதான். 19-ஆம் நூற்றாண்டில் கடலுக்கு அடியில் தந்திக் கம்பி போட்டபோது, உப்புத் தண்ணீர் உள்ளே புகாமல் கம்பிக்கு உறையாகப் போட்டது இதைத்தான். அதே பொருளை, சுத்தம் செய்த பல் வேருக்குள் அடைத்து மூடுவதுதான் ரூட் கெனால் சிகிச்சையின் கடைசிக் கட்டம்.

எனக்கு இரண்டு முறை உட்கார வேண்டியிருந்தது. பல்லின் பின்புறம் சிறு துளை போட்டு, உள்ளே அழுகியதை எடுத்து, கழுவி, மருந்து வைத்து, பிறகு அடைத்தார்கள். மேட்டை அவர் தொடவே இல்லை. ஊற்றை அடைத்ததும் ஓடை வற்றியது. மூன்றாவது வாரம் மெய்ப்புத் திருத்தும்போது என் நாக்கு போய்ப் பார்த்துவிட்டு, ஆளைக் காணாமல் திரும்பி வந்தது.

"மேல்வரிசைப் பல்லில் கை வைத்தால் கண் பார்வை போகும்" என்று என் அம்மா சொல்வார். பல் மருத்துவரிடம் போகாமல் இருக்க என் தலைமுறைக்கு அம்மாக்கள் கொடுத்த காரணம் அது. மூளையிலிருந்து கிளம்பும் நரம்புகளில் பார்வைக்கு உரியது இரண்டாவது. பல்லுக்கு உரியது ஐந்தாவது. இரண்டுக்கும் வேறு வேறு பாதை. சொல்லத் தோன்றுகிறது, கேட்க அம்மா இல்லை.

இந்தக் கதையை மூன்று மாதத்துக்கு முன் இதே பக்கத்தில் நாலு வரியில் எழுதியிருந்தேன். இதழ் தாமதமானதற்குக் காரணம் சொல்லவேண்டியிருந்ததால் எழுதியது. கதை கட்டுரை எதற்கும் வராத அளவுக்கு அந்த நாலு வரிக்குக் கடிதம் வந்தது! "எனக்கும் இருக்கிறது, வலிக்கவில்லை" என்பதுதான் எல்லாக் கடிதத்திலும். ஆனால் ஒருவருக்கு இருப்பது இன்னொருவருக்கு இருப்பதல்ல. சிலவற்றை அந்த மருத்துவரிடம் படித்துக் காட்டினேன். "பார்க்காம நான் பேர் சொல்லமாட்டேன் சார். எது எதுவா இருக்கலாம்னு மட்டும் சொல்றேன்" என்றார். அவர் சொன்னதை என் வார்த்தையில் தருகிறேன்.

தேனிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா. மகளுக்கு ஏழாம் மாதம். முன்பல் இரண்டுக்கும் நடுவே ஈறில் சிவப்பாக ஒரு சதை வளர்ந்திருக்கிறதாம். தொட்டால் ரத்தம், வலி இல்லை. மாப்பிள்ளை வீட்டில் சொல்லக்கூடப் பயம். அம்மா, இது கர்ப்பிணிகளில் சிலருக்கு வருகிற ஒன்றாக இருக்கலாம். கர்ப்ப காலத்தில் சுரப்புகள் மாறும்போது, ஈறோரம் படிந்திருக்கிற சிறு அழுக்குக்கும் ஈறு அளவுக்கு மீறிக் கோபித்துக்கொள்ளும். புதுப்புது ரத்தக் குழாய்கள் கொத்தாகக் கிளம்பும். அதனால்தான் அந்தச் சிவப்பு, அந்த ரத்தம். மருத்துவத்தில் இதற்கு 1904-ல் வைத்த பெயருக்குச் 'சீழ்க்கட்டி' என்கிற மாதிரிப் பொருள் வரும். உள்ளே சீழே கிடையாது! நூறு வருடத்துக்கு மேலாக யாரும் திருத்தாத மெய்ப்புப் பிழை. அதுதான் என்றால், புற்றுநோய் அல்ல. பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் சுருங்கிவிடும். சுருங்காமல் நின்றால் அப்போது சின்னதாக வெட்டி எடுப்பார்கள். இப்போதைக்குப் பல் மருத்துவரிடம் போய் ஸ்கேலிங் செய்துகொண்டு, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்தாலே ரத்தம் குறையும். ரத்தம் வருகிறதே என்று பிரஷ்ஷைத் தூக்கி வைத்துவிடுவதுதான் தப்பு. சாப்பிட முடியாத அளவுக்கு வளர்ந்தாலோ ரத்தம் நிற்காமல் போனாலோ கர்ப்ப காலத்திலேயே எடுக்கலாம். நாலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை அதற்கு வசதியான காலம். மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். மாப்பிள்ளை வீட்டிலும் சொல்லுங்கள். மறைக்க இதில் ஒன்றும் இல்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், எனக்கே எழுத்துப்பிழை சுட்டிக்காட்டி எழுதுகிறவர். அவருக்கு ஒரு கட்டி அல்ல. பல்லுக்குப் பல் நடுவே ஈறு பருத்து, பல்லை மூடிக்கொண்டு வருகிறதாம். ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஐயா, அந்த மாத்திரையின் பெயரைப் பாருங்கள். அம்லோடிபின், நிபெடிபின் வகையாக இருந்தால் சிலருக்கு ஈறு இப்படி வளரும். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரினுக்கும் இந்தக் குணம் உண்டு. எல்லாவற்றுக்கும் மூத்தது வலிப்புக்குக் கொடுக்கும் பினைட்டாயின். 1938-ல் அது பயன்பாட்டுக்கு வந்தது; மறுவருடமே ஈறு வளர்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அதைச் சாப்பிடுகிறவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு இது வரும். ஆனால் ஐயா, இதைப் படித்துவிட்டு நாளைக் காலை மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஈறு பருத்தால் பல்லுக்குக் கேடு. ரத்தக்கொதிப்பு மாத்திரையை நிறுத்தினால் உயிருக்குக் கேடு. மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே சொல்லுங்கள். வேறு வகைக்கு மாற்ற முடியுமா என்று அவர் பார்ப்பார். பல்லைச் சுத்தமாக வைத்தால் வளர்ச்சி குறையும். மிஞ்சியதைப் பல் மருத்துவர் சீவிவிடுவார்.

அடுத்தது பல்செட் போட்ட ஒரு பாட்டி, பேத்தி எழுதியிருக்கிறாள். செட்டின் ஓரம் படுகிற இடத்தில் மடிப்பு மடிப்பாகச் சதை. உளி பிடிக்கிற கையில் காய்ப்புக் காய்க்கிறதல்லவா, அதுமாதிரிதான். வாய்க்குள் ஓரிடத்தில் உரசிக்கொண்டே இருந்தால் அந்த இடம் தன்னைக் காத்துக்கொள்ளச் சதை போடும். பல்செட்டால் மட்டுமல்ல, கூரான பல் முனையாலும், கன்னத்தைக் கடிக்கும் பழக்கத்தாலும் இப்படி வரும். அப்போது ஈறின் நிறத்திலேயே, வழவழப்பாக, கெட்டியாக ஓர் உருண்டை தெரியும். வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். உரசுவதைச் சரிசெய்துவிட்டு, மரத்துப்போக ஊசி போட்டு அதை எடுத்துவிடலாம். பாட்டிக்கு எத்தனை வருடத்து செட் என்று எழுதவில்லை. பல் போனபின் தாடை எலும்பு கரைந்துகொண்டே வரும். அன்று பொருந்திய செட் இன்று பொருந்தாது. முதலில் செட்டை மாற்றுங்கள்.

"கீழ்வரிசைப் பல்லுக்கு உட்பக்கம், நாக்குக்கு அடியில், இரண்டு பக்கமும் கல் மாதிரி முட்டிக்கொண்டு இருக்கிறது. இத்தனை நாள் இல்லை, இப்போதுதான் வந்திருக்கிறது" என்று ஒருவர் பதறி எழுதியிருந்தார். பெரும்பாலும் வந்தது இப்போதாக இருக்காது, கவனித்ததுதான் இப்போது. தாடை எலும்பே அப்படிச் சற்றுப் புடைத்து வளர்வது பலருக்கு உண்டு. அண்ணத்தின் நடுவிலும் வரும். இரண்டு பக்கமும் ஒரேமாதிரி, எலும்புக் கடினத்தில், நிறம் மாறாமல் இருந்தால் பெரும்பாலும் இதுதான். ஒருமுறை காட்டி உறுதிசெய்துகொண்டால் போதும், சிகிச்சை எதுவும் வேண்டாம். பின்னாளில் பல்செட் கட்ட இடைஞ்சலாக இருந்தால் மட்டும் சீவி எடுப்பார்கள்.

குழந்தைகளைப் பற்றி மூன்று தாய்மார்கள் எழுதியிருந்தார்கள். பல் முளைக்கப்போகிற இடத்தில் நீலமாகக் கொப்புளம் போல் தெரிந்தால் பயப்பட வேண்டாம். வரப்போகிற பல்லைச் சுற்றி நீரோ ரத்தமோ தேங்கியிருக்கும். பல் மேலே வரும்போது தானே உடையும். ஊசியால் குத்தாதீர்கள். ஆனால் சொத்தையான பால்பல்லுக்குப் பக்கத்து ஈறில் வெள்ளை முனையோடு பரு தெரிந்தால் அது வேறு. எனக்கு வந்ததன் குட்டித் தம்பி. "பால்பல்லுதானே, விழப்போறதுதானே" என்று நாம் விட்டுவிடுகிறோம். கடைவாய்ப் பால்பல் விழுவது பத்துப் பன்னிரண்டு வயதில். அதுவரை அந்தச் சீழின் அடியில்தான் நிலையான பல் உருவாகிக்கொண்டிருக்கும். மேலே ஒழுகும் சீழ் கீழே இருப்பதைத் தொட்டால், புதுப்பல் முளைக்கும்போதே கறையோடும் குழியோடும் வரும்.

ஈறில் மட்டுமே வரும் கட்டிகள் இன்னும் இரண்டு மூன்று உண்டு. பார்வைக்கு எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி. சிவப்பு, இளஞ்சிவப்பு, சில ஊதா. வேர்ப்பக்கம் சரியாக எடுக்காவிட்டால் மறுபடி முளைக்கும். இவற்றில் யார் யாரென்று கண்ணால் சொல்ல முடியாது. எடுத்து, நுண்ணோக்கியில் பார்த்துத்தான் சொல்லவேண்டும். அந்தப் பரிசோதனையின் பெயரைச் சொன்னால்தான் நம் ஆட்கள் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறார்கள். பயாப்சி.

"கத்தி பட்டா பரவிடும்" என்பது நம்மிடையே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிற சட்டம். எப்படி வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். பயந்து பயந்து கடைசி நேரத்தில் போவார்கள். அதற்குள் நோய் பரவியிருக்கும். போன வாரம் பயாப்சி, இந்த வாரம் பரவிவிட்டது என்று செய்தி. பழி கத்தியின் மேல் விழும். தாமதித்த மாதங்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. உண்மையில் வாயில் பயாப்சி என்பது மரத்துப்போகும் ஊசி, சின்னத் துணுக்கு, ஒன்றிரண்டு தையல். பல் பிடுங்குவதை விடச் சுலபம். சிறிய கட்டியாக இருந்தால் முழுவதையும் எடுத்தே அனுப்பிவிடுவார்கள். சோதனையும் சிகிச்சையும் ஒரே நாளில் முடியும். அதனால் நோய் பரவுவதில்லை. பெயர் தெரியாமல் செய்கிற வைத்தியம்தான் ஆபத்து.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியது 1954-ல். எழுபது வருடம் ஓடிவிட்டது. இன்றும் அந்த நோயின் பெயரைக் குரல் தாழ்த்தித்தான் சொல்கிறோம். குரலைத் தாழ்த்தலாம், காலைப் பின்வாங்கக்கூடாது. ஏனென்றால் கடைசியாக ஒரு கடிதம் இருக்கிறது.

லாரி ஓட்டுகிறவரின் மனைவி. கணவர் ராத்திரி தூக்கம் வராமல் இருக்கப் புகையிலையும் பாக்கும் கலந்ததைக் கீழ்க்கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே அடக்கிக்கொள்வாராம். பதினைந்து வருடப் பழக்கம். அந்த இடத்து ஈறில் சொரசொரவென்று ஒரு தடிப்பு. கொஞ்சம் வெள்ளை, கொஞ்சம் சிவப்பு. ஒரு பல் ஆடுகிறது. 'வலிக்கலைன்னு சொல்றார் சார். உங்களுக்கு வந்த மாதிரிதானே இதுவும்?' என்று முடித்திருந்தார்.

மருத்துவர் இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "இவரை இந்த வாரமே வரச் சொல்லுங்க" என்றார்.

நம் நாட்டு ஆண்களுக்கு எல்லாப் புற்றுநோய்களையும் விட அதிகமாக வருவது வாய்ப்புற்றுநோய். அதிலும் கன்னமும் ஈறும் சேருகிற அந்தப் பள்ளத்தில் வருவது இங்கே அதிகம். புகையிலையை அடக்கி வைக்கிற இடம் அதுதானே. புகையிலை கெடுதல் என்று எல்லாருக்கும் தெரியும். பாக்கு? உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய் தரும் என்று 2004-ல் வெளியிட்ட அறிக்கையில் உறுதியாகச் சொல்லிவிட்டது. என் பாட்டியின் சுருக்குப்பையை நினைக்கும்போது எனக்கு இதை எழுதக் கை வரவில்லை. தாம்பூலத் தட்டை யாரும் குறை சொல்லவில்லை. நல்ல நாளில் ஒரு வெற்றிலை போடுவது வேறு. நாள் முழுக்கப் பாக்குத் தூளை வாயில் அடக்கியிருப்பது வேறு. குட்காவும் பான் மசாலாவும் தமிழ்நாட்டில் 2013-லேயே தடை செய்யப்பட்டவை. கிடைக்கிறதா என்று லாரிக்காரரைக் கேட்டால் தெரியும்.

இந்த வகை நோய் ஆரம்பத்தில் வலிக்காது. அதுதான் அதன் தந்திரம். வலிக்கிற சொத்தைக்கு ஓடுகிற நாம், வலிக்காத இதற்கு உட்கார்ந்திருப்போம். சில சமயம் பல் ஆடுகிறதே என்று பல்லை மட்டும் பிடுங்கிவிடுவார்கள். பிடுங்கிய குழி ஆறவே ஆறாது. ஆகவே இவற்றை மட்டும் மனதில் வையுங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத புண், வெள்ளையோ சிவப்போ படர்ந்த தடிப்பு, காரணமில்லாமல் ஆடும் பல், பல் பிடுங்கி ஆறாத குழி, நேற்றுவரை பொருந்தி இன்று பொருந்தாத பல்செட், உதட்டில் மதமதப்பு, வாய் திறக்க முடியாத இறுக்கம், கழுத்தில் கட்டி. இதில் ஒன்று இருந்தாலும் கட்டி வலிக்கிறதா இல்லையா என்று பார்க்க வேண்டாம், போய்விடுங்கள். ஈறு முழுவதும் சில வாரத்திலேயே வீங்கி, ரத்தம் கசிந்து, கூடவே காய்ச்சலும் அசதியும் இருந்தால் ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள்; ரத்தப் புற்றுநோயில் சில வகை முதலில் ஈறில்தான் முகம் காட்டும்.

இத்தனையும் எழுதிவிட்டு உங்களைப் பயமுறுத்திவிட்டேனோ என்று இருக்கிறது. ஈறில் வரும் வலியில்லாத மேடுகளில் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாதவை. சிறு சிகிச்சையில் போகக்கூடியவை. நான் சொல்லவந்தது ஒன்றே ஒன்று. ஒரு கட்டி நல்லதா கெட்டதா என்பதை வலி சொல்லாது. செத்த பல்லும் வலிக்காது, கர்ப்பக் கட்டியும் வலிக்காது, எலும்புப் புடைப்பும் வலிக்காது, புற்றும் ஆரம்பத்தில் வலிக்காது. நாலுக்கும் ஒரே பதில் தருகிற சாட்சியை எந்த நீதிபதி நம்புவார்? நாம் மட்டும் தலைமுறை தலைமுறையாக அந்தச் சாட்சியை வைத்தே தீர்ப்பு எழுதுகிறோம்: "வலிக்கலையா? அப்ப விடு."

ஆகவே ஒரு வேலை. இன்று ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போது, குழாயடிக் கண்ணாடி முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். செல்போன் வெளிச்சம் போதும். உதட்டைத் தூக்கி மேல் ஈறு, இறக்கிக் கீழ் ஈறு, இரண்டு கன்னம், நாக்கைத் தூக்கி அடியில். சுத்தமான விரலால் ஒருமுறை தடவுங்கள். ஏதாவது தென்பட்டால் எங்கே, என்ன நிறம், கெட்டியா மெத்தென்றா, எத்தனை நாளாக என்று குறித்துக்கொள்ளுங்கள். குத்தாதீர்கள், கிள்ளாதீர்கள், சுண்ணாம்போ புகையிலையோ வைக்காதீர்கள். உப்புப் போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் கொப்பளிப்பது சுகம் தரும், செய்யுங்கள். ஆனால் அதைச் சிகிச்சை என்று நம்பி மாதம் கடத்தாதீர்கள். இரண்டு வாரம் தாண்டியும் இருந்தால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். செலவுக்குப் பயந்தால் பக்கத்து அரசு மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். சென்னையில் 1953-லிருந்து அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பயாப்சி அங்கே அன்றாட வேலை.

பத்திரிகைக்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. தான் எழுதியதில் தனக்குப் பிழை தெரியாது என்பதால் மெய்ப்பை இன்னொருவரிடம் கொடுப்போம். தினமும் பார்க்கிற பிழை கண்ணுக்குப் பழகிவிடும், புதுக்கண்தான் பிடிக்கும். என் வாயில் இருந்ததை எங்கள் வடிவமைப்புத் தம்பி பிடித்தது அப்படித்தான். உங்கள் வீட்டிலும் ஒருவருக்கொருவர் மெய்ப்புப் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, "எனக்கு ஒண்ணும் இல்லை" என்று சொல்லும் அப்பாக்களுக்கு.

லாரிக்காரரின் மனைவிக்கு அன்றே பதில் போட்டேன். போன வாரம் ஓர் அஞ்சலட்டை வந்தது. 'லோடு இறக்கிட்டு வந்ததும் கூட்டிட்டுப் போனேன். சின்னதா எடுத்து அனுப்பியிருக்காங்க. வியாழக்கிழமை ரிசல்ட்.' அவ்வளவுதான் எழுதியிருந்தார். இந்தப் பக்கம் அச்சுக்குப் போகிற இன்று புதன்கிழமை.

தமிழில் ஈறு என்றால் பல்லைத் தாங்குகிற சதை. முடிவு என்றும் பொருள். இந்தப் பக்கத்தின் ஈற்றில் நல்ல செய்தி ஒன்றை எழுதத்தான் ஆசை. அச்சுக்கூடம் ஒரு நாள் காத்திருக்காது. அவர் காத்திருக்கிறார். நாமும் அவரோடு காத்திருப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்